போனில் இதய ஆபத்துக் கணக்கு: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடையில் நிற்கிறேன். மருந்தாளுநர், டாக்டர் இல்லை. முன்பெல்லாம் சீட்டை நீட்டுவார்கள், இப்போது போனை நீட்டுகிறார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை லீவுக்கு வரும்போது அப்பாவின் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். அது ஒரு சதவீதத்தைக் காட்டும். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வருவார். ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, இந்த ஆப் என்னதான் பண்ணுது? நெஞ்சுக்குள்ள பார்த்துச் சொல்லுதா?

இல்லை. உங்கள் நெஞ்சைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. வயது, ஆணா பெண்ணா, பிபி, கொலஸ்ட்ரால், சுகர் உண்டா, புகை உண்டா என்று ஏழெட்டுக் கேள்வி கேட்கும். நீங்கள் தட்டிய பதில்களை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடும். அவ்வளவுதான்.

அந்தச் சூத்திரத்துக்கு ஒரு கதை உண்டு. 1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பல பத்தாண்டுகள் குறித்துக்கொண்டே வந்தார்கள். பிபி, கொலஸ்ட்ரால், புகை மூன்றும் மாரடைப்போடு எப்படிச் சேர்ந்து போகின்றன என்பது அந்தக் குறிப்புகளிலிருந்து தெளிவாகத் தெரியவந்தது. பிறகு மற்ற நாடுகளிலும் இதேபோல இன்னும் பெரிய கணக்குகள் எடுத்தார்கள். உங்கள் போனில் இருப்பது அப்படி ஏதோ ஒரு ஊர்க்காரர்களைப் பல வருடம் பார்த்து எழுதிய கணக்கு. எந்த ஊர்க்காரர்கள் என்பதுதான் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில்.

12 சதவீதம்னு வருது. இதயம் 12 சதவீதம் கெட்டுப்போச்சா?

இதுதான் அதிகம் கேட்கும் கேள்வி. ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு இலை. நூறு இலையிலும் உங்கள் வயது, உங்கள் பிபி, உங்கள் கொலஸ்ட்ரால், உங்கள் பழக்கம் உள்ளவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பத்து வருடத்தில் அதில் சுமார் 12 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம், 88 பேருக்கு வராது. இவ்வளவுதான் அந்த எண்ணின் அர்த்தம். உங்கள் இலை எந்தப் பக்கம் என்று எந்த ஆப்பாலும் சொல்ல முடியாது.

பத்து வருடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கவாதமும் சேர்ந்தது என்பதையும் கவனிப்பதில்லை. சில புதிய கணக்குகள் இதயச் செயலிழப்பையும் சேர்த்துக்கொள்கின்றன.

எத்தனை வந்தா பயப்படணும்?

2018-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் பத்து வருட ஆபத்து 5-க்குக் கீழே குறைவு, 5 முதல் 7.5 வரை எல்லைக்கோடு, 7.5 முதல் 20 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் அதிகம் என்று பிரித்திருந்தார்கள். இங்கிலாந்தில் 10 வந்தாலே டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை பற்றிப் பேச ஆரம்பிப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அடர் சிவப்பு என்று ஐந்து நிறம். 5, 10, 20, 30 என்ற இடங்களில் நிறம் மாறும். ஆக, பயப்படும் எண் நாட்டுக்கு நாடு வேறு. பயம் வேண்டாம், சந்திப்பு வேண்டும்.

ஸ்டோர்ல தேடினா நூறு ஆப் வருது. எதைப் போடறது?

யாருடைய சூத்திரம் என்று ஆப்பில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் அழித்துவிடுங்கள். வயதும் பிபியும் கேட்காமல் "உங்கள் இதயம் ஆரோக்கியமா?" என்று வண்ணப் பொத்தான் காட்டுகிறதா, அதையும் அழித்துவிடுங்கள்.

பேர் தெரிந்தவை சில. இங்கிலாந்தின் கியூரிஸ்க்3, 2017-ல் வந்தது, 25 முதல் 84 வயது வரை. அமெரிக்க இதயச் சங்கத்தின் பிரிவென்ட், 2023-ல் வந்தது, 30 முதல் 79 வரை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அட்டவணை 40 முதல் 74 வரை. தெற்காசியாவுக்கென்று தனித்தாளே உண்டு. மூன்றும் ஆங்கிலத்தில்தான். வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கியூரிஸ்க்3-ல் ஒரு சின்னத் தடங்கல்: தபால் குறியீடு கேட்கும். அது இங்கிலாந்துக் குறியீடு. ஒரு வாத்தியார் 612001 என்று போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆப் கெட்டுப்போச்சு என்று என்னிடம் வந்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம்.

கொலஸ்ட்ரால் பார்த்ததே இல்ல. சும்மா 200னு போட்டுக்கட்டுமா?

வேண்டாம். ஊகத்தைப் போட்டால் ஊகம்தான் வெளியே வரும், தசமப் புள்ளியோடு வருவதால் உண்மை மாதிரி தெரியும். ரத்தப் பரிசோதனை இல்லாதவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் இன்னொரு அட்டவணை வைத்திருக்கிறது. வயது, பாலினம், புகை, பிபி, உயரத்துக்கேற்ற எடை (பிஎம்ஐ என்ற எண்), இவை மட்டும் போதும். முதல் தடவைக்கு அதைப் பாருங்கள், ரத்தம் கொடுத்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

ரிப்போர்ட் கையில் இருந்தால் அலகைக் கவனியுங்கள். நம் லேப்களில் மில்லிகிராமில் தருவார்கள், 200 என்று இருக்கும். சில வெளிநாட்டு ஆப்கள் மில்லிமோலில் கேட்கும், அதே அளவு அங்கே 5.2. மாற்ற வேண்டுமானால் நம் எண்ணை 38.67-ஆல் வகுக்கவேண்டும். கியூரிஸ்க்3 மொத்தக் கொலஸ்ட்ராலை நல்ல கொலஸ்ட்ராலால் (ரிப்போர்ட்டில் HDL) வகுத்த விகிதத்தைக் கேட்கும். அதற்கு எந்த அலகாக இருந்தாலும் ஒரே விடை. 200-ஐ 40-ஆல் வகுத்தால் 5, அந்த 5-ஐப் போட வேண்டும். 200-ஐயே போட்டுவிட்டுத் திகைத்தவர்கள் உண்டு.

உங்க கடையில பார்த்தா 150, வீட்டுல 128. எதைப் போடறது?

பேருந்திலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து, எதிர்க்கடையில் ஒரு டிகிரி காபியை ஊதிக் குடித்துவிட்டு, நின்றபடியே கையை நீட்டுவீர்கள். நானும் கூட்டத்தில் கட்டிப் பார்த்து 150 என்று சொல்வேன். அந்த 150 எதற்கும் ஆகாது. இதைக் கடைக்காரனே சொல்கிறேன்.

சரியாக எடுப்பது இப்படி. அரைமணி நேரத்துக்கு முன்பே காபி, பீடி, வேகநடை எல்லாம் நிறுத்தவேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும். கால் இரண்டும் தரையில், ஒன்றன்மேல் ஒன்று போடாமல். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில். பட்டை சட்டைமேல் அல்ல, தோல்மேல். புஜம் பருமனானவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னதைக் கட்டினால் அளவு கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட புஜத்தில் கட்டுவது நம்பகமானது.

காலையும் மாலையும் இப்படி ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் போடுங்கள். மருத்துவமனையில் 140/90 எந்த எல்லையோ, வீட்டில் அது 135/85. கருவி இல்லையென்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம் கேளுங்கள். அவரையும் வாசலில் நிற்க வைத்தே கையை நீட்டாதீர்கள்.

கேமராவுல விரல் வெச்சாலே பிபி காட்டுதே?

விரல் வழியே போகும் வெளிச்சத்தை வைத்து நாடித்துடிப்பை எண்ண முடியும், அது ஓரளவு சரியாகவே வரும். பிபி வேறு சமாச்சாரம். பட்டையே இல்லாமல் பிபி பார்ப்பதாகச் சொன்ன ஒரு ஐபோன் ஆப்பை 2016-ல் ஆய்வு செய்தார்கள். பிபி உயர்ந்திருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேரை அது கண்டுபிடிக்கவே இல்லை. அமெரிக்காவில் நடவடிக்கையும் எடுத்தார்கள். அந்த எண்ணை ஆபத்துக் கணக்கில் போடாதீர்கள்.

வாட்ச்சுல ஈசிஜி வருதே, அப்ப ஆப் எதுக்கு?

வாட்ச் பார்ப்பது துடிப்பு சீராக இருக்கிறதா என்பதை. அதுவும் இந்த நிமிடத்தை. ஆப் பார்ப்பது பத்து வருடத்தை. வாட்ச்சில் ஒரே ஒரு கோடு, மருத்துவமனை ஈசிஜியில் பன்னிரண்டு. மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

மாத்திரை போட்டு பிபி 120-ல நிக்குது. அப்ப பிபி இல்லன்னு போடலாம்ல?

120 என்றே போடுங்கள், ஆனால் "பிபிக்கு மருந்து எடுக்கிறீர்களா" என்ற இடத்தில் ஆமாம் என்று தட்டுங்கள். மாத்திரையில் வந்த 120-ம், தானாகவே இருக்கும் 120-ம் சூத்திரத்துக்கு ஒன்றல்ல. இத்தனை வருடம் ரத்தக்குழாய் பட்ட பாடு ஒன்று இருக்கிறதே. சுகரும் அப்படியே: மாத்திரையில் கட்டுக்குள் இருந்தாலும் சுகர் உண்டு என்றுதான் போடவேண்டும்.

பீடி சிகரெட் கிடையாது. வெத்தலையோட கொஞ்சம் புகையிலை மட்டும். 'புகை இல்லை'ன்னு போட்டேன், சரிதானே?

சூத்திரப்படி சரி. உங்கள் உடம்புப்படி தப்பு. இந்தக் கணக்கெல்லாம் எழுதிய ஊர்களில் புகையிலை என்றால் சிகரெட். நம் ஊரில் அது வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது. கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கடைசியில் ஒரு துண்டு புகையிலை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நடவு வரப்பில், திண்ணையில், தூங்கப்போகும் முன். ஆப்பில் அதற்குக் கட்டமே கிடையாது.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் மெல்லும் புகையிலையையும் கணக்கெடுத்தார்கள். மெல்லுபவர்களுக்கு, புகையிலையே தொடாதவர்களைவிட மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம் என்று வந்தது. நடவுக்கு வரும் பெண்களில் பலருக்கு ஆப் பச்சை காட்டுகிறது, இடுப்புச் சுருக்குப்பையில் புகையிலை இருக்கிறது. எனக்கு இந்த ஆப்களிடம் உள்ள பெரிய மனக்குறை இதுதான். "புகைப்பவர்" என்று தட்டிப் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது கணக்கைக் குழப்பும். வந்த எண்ணுக்குப் பக்கத்தில் "புகையிலை மெல்லுகிறேன், இத்தனை வருடமாக" என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு 34 வயசு. 1 சதவீதம்தான் வந்துச்சு. நிம்மதியா இருக்கலாமா?

சூத்திரத்தில் எல்லாவற்றையும்விடக் கனமானது வயது. 34 வயதில் பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட் மூன்றும் இருந்தாலும் பத்து வருடக் கணக்கு சின்ன எண்ணாகத்தான் வரும். 72 வயதில் எல்லாம் நன்றாக இருந்தும் பெரிய எண் வரும். பெரியவர்கள் அதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், நீங்கள் இதைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம்.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்குச் சுமார் 59 என்றும் அதே இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. நமக்கு ஆறு வருடம் முன்னாலேயே வருகிறது. இளம் வயதில் பார்க்கவேண்டியது இரண்டு: பிரிவென்ட்டில் 30 முதல் 59 வயதுக்காரர்களுக்குக் கிடைக்கும் முப்பது வருடக் கணக்கு, கியூரிஸ்க்3 காட்டும் "இதயத்தின் வயது". 34 வயதுக்காரருக்கு இதயத்தின் வயது 45 என்று வந்தால் அந்த 1 சதவீதத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று புரியும். அப்பாவுக்கு 55-க்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், எண் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரனுக்குப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். 2013-ல் வந்த அமெரிக்கச் சூத்திரம் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று இரண்டே வகைதான் வைத்திருந்தது. நாம் "மற்றவர்" என்று தட்டினால் வெள்ளையருக்கான கணக்கையே போடும். பிறகு 2018 வழிகாட்டுதலில், தெற்காசியர் என்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணமாக டாக்டர் தனியாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்று சேர்த்தார்கள். பிரிவென்ட் இனத்தையே கேட்பதில்லை. கியூரிஸ்க்3-ல் "இந்தியர்" என்று தனி இடம் உண்டு, ஆனால் அது இங்கிலாந்தில் வாழும் இந்தியர்.

நாம் சேர்த்துப் பார்க்கவேண்டியவை: தொப்பை அளவு, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள். வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்கவேண்டும். உயரத்துக்கேற்ற எடையில் நமக்கு 23-லிருந்தே அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், மேலைநாட்டில் 25. அப்புறம் லைப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒரு ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அதைக் கேட்பதில்லை.

நாள் முழுக்க வயல்ல நிக்கிறேன். ஆப் அதைக் கேக்கவே இல்லையே?

உழைப்பு, உப்பு, சாப்பாடு எதையும் அநேகமாகக் கேட்காது. அவையெல்லாம் பிபியிலும் எடையிலும் சுகரிலும் தெரிந்துவிடும் என்று விட்டுவிடுகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நடவும் இயந்திரம், அறுவடையும் இயந்திரம், வயலுக்குப் போவது வண்டியில். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே எத்தனை வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்? மூச்சு வாங்க நடப்பது வாரத்துக்கு 150 நிமிடமாவது வருகிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். பழையதுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் வரவேண்டும்.

ஒரு ஆப்புல 18, இன்னொரு ஆப்புல 9. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. முதல் பதிலில் சொன்னதுதான்: வேறு ஊர்க்காரர்கள், வேறு காலம். பழைய அமெரிக்கச் சூத்திரம் இன்றைய மக்களுக்கு அதிகமாகவே காட்டுகிறது என்பதால்தான் புதியதை எழுதினார்கள். புதியதில் பலருக்கு எண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு ஆப்பை எடுத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போன வருட எண்ணை ஒன்றிலும் இந்த வருட எண்ணை இன்னொன்றிலும் பார்த்துவிட்டு, குறைந்துபோச்சு என்று இனிப்பு வாங்கி வராதீர்கள். வந்தார் ஒருவர், அசோகா அல்வாவோடு.

பொம்பளைங்களுக்கு தனியா ஏதாவது உண்டா தம்பி?

உண்டு அக்கா. கர்ப்ப காலத்தில் பிபி ஏறியதா, சுகர் வந்ததா, மாதவிடாய் 40 வயதுக்கு முன்பே நின்றதா, இந்த மூன்றும் பின்னாளில் இதய ஆபத்தைக் கூட்டும். பெரும்பாலான ஆப்களில் இதற்கெல்லாம் இடமில்லை. "பிள்ளை பிறந்ததும் சரியாப்போச்சு" என்று நாமும் மறந்துவிடுகிறோம். டாக்டரிடம் சொல்லுங்கள், முப்பது வருடம் ஆகியிருந்தாலும்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. அவருக்குப் போட்டா 15 தான் வருது?

அவருக்குப் போடவே கூடாது. இது இன்னும் வராதவர்களுக்கான கணக்கு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் எல்லாம் ஏற்கெனவே அதிக ஆபத்து வரிசையில் இருக்கிறார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் (ரிப்போர்ட்டில் LDL) 190-க்கு மேல் இருப்பவருக்கும் ஆப் தேவையில்லை, டாக்டர்தான் தேவை.

20 வந்துடுச்சு. கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆஸ்பிரினும் நீங்களே குடுத்துடுங்களேன்?

ஸ்டேடின் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. ஈரல், சிறுநீரகம், நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகள் எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் அளவைச் சொல்வார். ஆஸ்பிரின் இன்னும் சிக்கல். மாரடைப்பே வராதவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று தினம் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இப்போது டாக்டர்கள் விட்டுவிடச் சொல்கிறார்கள், முக்கியமாக 70 வயது தாண்டியவர்களை. வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டோடும் வராதீர்கள்.

நெஞ்சு ஒரு மாதிரி அடைச்சுது. ஆப்புல 3 சதவீதம்தானே, வாயுன்னு சோடா குடிச்சுட்டுப் படுத்தேன். தப்பா?

பெரிய தப்பு. பந்தியில் 97 பேருக்கு வராது என்றால் 3 பேருக்கு வரும் என்றுதானே அர்த்தம்? நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் போனில் தொடவேண்டியது 108 மட்டும். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலி தெரியாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாக வருவதும் உண்டு.

ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ திருவாரூருக்கோ போய்ச்சேரும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. மேலே ஆஸ்பிரின் வேண்டாம் என்றேனே, அது தினம் போடுவதற்கு; இது மாரடைப்பு நேரத்தில் அவர்கள் பார்த்துக் கொடுப்பது.

நம்ம வியாதி விவரமெல்லாம் எங்க போகும்?

கணக்குப் போட உங்கள் பெயர், போன் நம்பர், தொடர்புப் பட்டியல் எதுவும் தேவையில்லை. கேட்டால் எதற்கு என்று யோசியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் இந்தியாவில் சட்டம் வந்திருக்கிறது. அதற்காக எல்லா "அனுமதி" பொத்தானையும் அமுக்கிவிடாதீர்கள். கியூரிஸ்க்3, பிரிவென்ட் இரண்டையும் எதையும் நிறுவாமல் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

சிகரெட்டை 'இல்லை'ன்னு மாத்திப் போட்டா 19 அப்படியே 11 ஆகுது. விட்டா நாளைக்கே 11 ஆயிடுமா?

ஆகாது. அந்த 11 சிகரெட்டையே தொடாதவருடையது. விட்டவருக்கு ஆபத்து சில மாதங்களிலிருந்தே குறைய ஆரம்பிக்கும், ஆனால் தொடாதவர் பக்கத்தில் போய்ச்சேர வருடங்கள் ஆகும். கியூரிஸ்க்3-ல் "முன்பு புகைத்தவர்" என்று தனி இடம் உண்டு, அதைத் தட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு எண் வரும்.

இப்படி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை மாற்றினால் எண் அதிகம் இறங்குகிறது என்று தெரியும். பிபியை 160-லிருந்து 130 ஆக்கிப் பாருங்கள், சிகரெட்டை எடுத்துப் பாருங்கள். ஆனால் தினம் பார்க்காதீர்கள். பிபியோ சுகரோ கட்டுக்குள் இல்லாதவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை, மற்றவர்கள் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

டாக்டர்கிட்ட போனைக் காட்டினா கோவிச்சுக்க மாட்டாரா?

சிலர் கோபிப்பார்கள். போனை நீட்டி "20 வருது, என்ன செய்யறது" என்றால், வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது யாருக்கும் எரிச்சல் வரும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு வார பிபி சராசரி, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் தேதி, சுகர், தொப்பை அளவு, வெற்றிலைப் பெட்டி விவரம், அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் என்ன வந்தது. கடைசி வரியில் எந்த ஆப், எத்தனை சதவீதம். அந்தச் சீட்டுக்குத் தாள் வேண்டுமென்றால் கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்துத் தருகிறேன், பலருக்கும் தந்திருக்கிறேன்.